வளவு வீட்டுக்கு ஒரு சர்வர்: பழைய திங்க்சென்டர் எம்710க்யூ வாங்கலாமா?

அலுவலகங்களில் சில வருடம் ஓடிக் கழிக்கப்பட்ட லெனோவோ திங்க்சென்டர் எம்710க்யூ டைனி என்ற சின்னக் கம்ப்யூட்டர், இப்போது பழைய கம்ப்யூட்டர் விற்கும் இடங்களில் தாராளமாகக் கிடைக்கிறது. பழுதாகி வந்தவை அல்ல இவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, ஒன்றிரண்டு விதிவிலக்கு போக, இன்டெலின் எட்டாம் தலைமுறை ப்ராசஸரிலிருந்துதான் முறையாக ஏறும். எம்710க்யூவில் இருப்பது ஆறாம், ஏழாம் தலைமுறை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் வீட்டு சர்வர் வைக்க நினைப்பவர்களுக்கு இன்று முதலில் சொல்லக்கூடிய பெட்டி இதுதான். ஆனால் சரியான ப்ராசஸர், சரியான டிஸ்க், இன்வெர்ட்டரில் சரியான ஏற்பாடு ஆகிய மூன்றும் அமைந்தால்தான்.

வேலை என்ன என்பதை முதலில் பார்ப்போம். ஒரு வளவு வீட்டில், அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், நான்கைந்து பங்காளிகளுக்கு உரிமை இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில். பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா நகல், வீட்டு வரி ரசீது, ஐயா காலத்து ஆல்பத்தை ஸ்கேன் செய்த படங்கள், கல்யாண வீடியோ எல்லாம் யாரோ ஒருவருடைய போனிலோ பென் டிரைவிலோ சிதறிக் கிடக்கும். இவற்றை ஊர் வீட்டிலேயே ஒரே இடத்தில் வைத்து, எல்லோரும் எங்கிருந்தும் எடுக்கலாம் என்று செய்வதுதான் இந்தச் சர்வரின் முதல் பயன். வருடத்தில் பல மாதம் வேலையாள் மட்டுமே வந்துபோகும் வீட்டில் இது தானாக ஓட வேண்டும். ஆகவே வேகத்தைவிட, மின்சாரம் போய் வந்தால் தானே எழுந்து நிற்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய டவர் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதையே சர்வராக்கினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்து டவர் சும்மா இருக்கும்போதே 50 வாட் அளவில் இழுக்கும். 24 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் யூனிட்டில் ஒரு பெரும் பங்கு அதிலேயே போய்விடும். எம்710க்யூ எஸ்எஸ்டியோடு (சுழலும் தட்டில்லாத டிஸ்க்) சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட். இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். மின்தடையில் இதே வித்தியாசம் இன்வெர்ட்டர் பேட்டரியில் மணிக்கணக்காகத் தெரியும். டவரை வாரம் ஒரு முறை பேக்கப் எடுக்க மட்டும் இயக்கி நிறுத்துங்கள். அந்த வேலைக்கு அது அருமையான இயந்திரம்.

அரசு கொடுத்த இலவச மடிக்கணினி சும்மா கிடந்தால் அதுவும் ஃபைல் பகிர்வுக்குப் போதும். பேட்டரி உள்ளேயே இருப்பதால் மின்தடை ஒரு பொருட்டல்ல. ஆனால் எப்போதும் சார்ஜிலேயே கிடக்கும் பழைய லித்தியம் பேட்டரி உப்பும். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிவிட்டால் அதன் ஒரே சாதகமும் போய்விடும். ஆளில்லாத வீட்டில், பர்மா தேக்குக்கு நடுவில், உப்பிய பேட்டரியை விட்டுவைக்கக் கூடாது.

இனி பெட்டிக்கு வருவோம். சுமார் 18 சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் கனம். பின்னால் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி மேல் தகட்டை முன்னால் தள்ளினால் இரண்டரை அங்குல டிஸ்க் வைக்கும் தட்டு. அடித் தகட்டையும் தள்ளினால் இரண்டு ராம் இடங்களும், பலகையில் நேரே செருகும் சிறிய வகையான எம்.2 எஸ்எஸ்டிக்கு இடமும். லேப்டாப் வகை டிடிஆர்4 ராம்தான் பொருந்தும். அதிகபட்சம் 32 ஜிபி. டிடிஆர்4 விலை 2025 கடைசியிலிருந்து ஏறிவிட்டதால், வெற்றுப் பெட்டியை மலிவாக வாங்கி ராமைத் தனியே தேடுவது இப்போது லாபமில்லை. குறைந்தது 8 ஜிபி உள்ளேயே இருக்கும் பெட்டியாகப் பாருங்கள்.

ப்ராசஸரில் ஐ5-6500டி, ஐ5-7500டி இரண்டும் கலந்து விற்பார்கள். இரண்டுமே நான்கு கோர், 35 வாட். ஃபைல் பகிர்வில் வித்தியாசமே தெரியாது. வீடியோவில் தெரியும். ஐபோன் 12-லிருந்து வந்த பெரும்பாலான ஐபோன்கள் ஹெச்டிஆர் (ஒளி, நிற வேறுபாடு கூடிய) வீடியோவை 10 பிட் ஹெச்இவிசி என்ற சுருக்க வடிவில் எடுக்கின்றன. ஏழாம் தலைமுறையின் ஹெச்டி 630 கிராஃபிக்ஸ் அதை வன்பொருளிலேயே பிரித்துவிடும். ஆறாம் தலைமுறையின் ஹெச்டி 530-இல் 8 பிட் வரைதான் முழு வசதி. 10 பிட் வந்தால் பாரம் முழுவதும் ப்ராசஸர் தலையில் ஏறி, வீடியோ நின்று நின்று ஓடும். கூடுதலாகச் சில நூறு ரூபாய் கேட்டாலும் 7500டி-யையே எடுங்கள். கடைக்காரர் வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். பயாஸிலேயே (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) ப்ராசஸர் பெயர் இருக்கும்.

டிஸ்க்தான் இந்தப் பெட்டியின் உண்மையான குறை. உள்ளே 7 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டரை அங்குல டிஸ்க் மட்டுமே நுழையும். 4, 5 டிபி கொள்ளளவுள்ள இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்குகள் 15 மில்லிமீட்டர் கனம். வெளி டிஸ்கை வாங்கி உடைத்து உள்ளே போடலாம் என்ற யோசனையும் பல நேரம் பலிக்காது. பல போர்ட்டபிள் டிஸ்குகளில் யூஎஸ்பி முனை பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பெட்டிக்குள் செருகத் தேவையான சாட்டா முனையே இருக்காது. 7 மில்லிமீட்டருக்குள் கிடைக்கும் 2 டிபி ஹார்டு டிஸ்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கி எழுதும் முறை அது. நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். முதல் சில ஜிபி வேகமாக ஏறி, பிறகு திடீரென்று நொண்டும். ஆகவே எம்.2 இடத்தில் 256 அல்லது 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டு அதில் லினக்ஸையும் டேட்டாபேஸையும் வையுங்கள். சாட்டா இடத்தில் 2 டிபி எஸ்எஸ்டி. இதற்கு மேல் இடம் வேண்டுமென்றால், சொந்த அடாப்டர் உள்ள மூன்றரை அங்குல வெளி டிஸ்க். யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் இழுக்கும் இரண்டு டிஸ்குகளை ஒன்றாகச் செருகினால், இரண்டும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும்போது ஒன்று விழுந்து எழும். அதை டிஸ்க் பழுதென்று தவறாக நினைப்பவர்கள் அதிகம்.

கடையில் சோதிக்க வேண்டியவை. எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள், பழைய அலுவலகம் போட்ட பாஸ்வேர்டை நீக்கும் வேலை உங்கள் தலையில் விழும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில பத்து ரூபாய்ப் பொருள்தான், ஆனால் அது தீர்ந்தால் மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் பயாஸ் அமைப்புகள் அழிந்துபோகலாம். அழிந்தால், மின்சாரம் வந்ததும் தானே இயங்கும் வசதியும் சேர்ந்து போய்விடும். அடாப்டர் 20 வோல்ட், 65 வாட், நீள்சதுர முனை. அசல் அடாப்டரையே கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்கோ சேர்த்துக் கொடுத்தால், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள்: ஹார்டு டிஸ்கில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கும் எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்றில் பூஜ்யம் இல்லையென்றாலும் அந்த டிஸ்கைத் தவிர்த்து, பெட்டிக்கு மட்டும் விலை பேசுங்கள். ஃபேன் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது.

மின்சாரத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் சர்வர் வாழ்வதும் சாவதும் இதில்தான்.

வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: யூபிஎஸ் ஒரு பக்கம், ஈகோ அல்லது வைடு யூபிஎஸ் மறுபக்கம். ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடும் வீட்டில் அது ஈகோவில் இருக்கும். அந்த நிலையில் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம், கம்ப்யூட்டர் அடாப்டர் தாக்குப்பிடிக்கும் நேரத்தைவிட அதிகமாகலாம். சர்வர் ஒவ்வொரு முறையும் அணைந்து எழும். யூபிஎஸ் நிலைக்கு மாற்றினால் மாற்றம் வேகமாகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவிவிடும். கோடையில் மாலை வேளையில் வோல்டேஜ் விழும் ஊர்களில், மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி கரைந்து, உண்மையான மின்தடை வரும்போது கையை விரிக்கும். அப்படிப்பட்ட ஊரில் இன்வெர்ட்டரை ஈகோவிலேயே விட்டு, சர்வருக்கும் ரூட்டருக்கும் மட்டும் 600 விஏ அளவில் ஒரு சிறிய யூபிஎஸ்ஸை இடையில் வையுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் (மின்வாரிய மின்சாரம் போன்ற அலைவடிவம்) வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யூபிஎஸ் வைத்தால், அந்த அலைவடிவத்தை அது மின்சாரமாகவே ஏற்காமல் தன் பேட்டரியைக் காலி செய்யும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை வரை வராது. 12 வோல்ட், 150 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியின் பெயரளவு 1,800 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்காமல், இன்வெர்ட்டரின் இழப்பையும் கழித்தால், கையில் நிற்பது 700 சொச்சம். சர்வர், ரூட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 25 வாட். இன்வெர்ட்டர் தானே தின்பது ஒரு 15 வாட் என்று வைத்தாலும் ஒரு பகலைத் தாண்டிவிடும். அதே இன்வெர்ட்டரில் 75 வாட் ஃபேன் மூன்று ஓடினால் மூன்று மணி நேரம்கூட வராது. சர்வருக்குத் தனி லைன் முடியாவிட்டால், எந்தெந்த அறை இன்வெர்ட்டரில் இருக்கிறது என்பதையாவது எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக் குறைத்துவிடுங்கள்.

பயாஸில் பவர் பகுதியில் ‘ஆஃப்டர் பவர் லாஸ்’ என்றிருக்கும். அதை ‘லாஸ்ட் ஸ்டேட்’ என்று வைக்காமல் ‘பவர் ஆன்’ என்று வையுங்கள். முறையாக ஷட்டவுன் ஆன பிறகு மின்சாரம் போனால், லாஸ்ட் ஸ்டேட் அமைப்பில் அது அணைந்த நிலையிலேயே காத்திருக்கும், திறந்துவிட ஆளில்லை.

வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு கம்ப்யூட்டரோடு பேசும் வயர் இல்லை. பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குத் தெரியாது. இதற்கு ஒரு வழி உண்டு. இன்வெர்ட்டரில் சேராத பிளக்கில் ஒரு பழைய ரூட்டரையோ ரிப்பீட்டரையோ செருகி, நிலையான ஐபி (மாறாத வலை முகவரி) கொடுங்கள். சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பிங் செய்யட்டும், அதாவது இருக்கிறாயா என்று கேட்கட்டும். தொடர்ந்து நான்கு மணி நேரம் பதில் இல்லையென்றால் முறையாக ஷட்டவுன் ஆகட்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஷட்டவுன் ஆன பிறகும் இன்வெர்ட்டர் பேட்டரி தீராமல் இருந்து, மின்சாரம் திரும்பினால், சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. பவர் ஆன் அமைப்பு அப்போது உதவாது. அதனால் பயாஸில் இருக்கும் ‘வேக் அப் ஆன் அலாரம்’ வசதியில் தினமும் இரவு 8 மணிக்கு எழு என்று வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்த அலாரம் ஒன்றும் செய்யாது.

எர்த் இல்லாத பழைய வயரிங் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மூன்று முனை அடாப்டரை இரண்டு முனைக் கன்வெர்ட்டரில் செருகினால் பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது விறுவிறுவென்று இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கண்டென்சர்களின் கசிவு எர்த்துக்குப் போக வழியில்லாமல் பெட்டியில் நிற்பதுதான் அது. சர்வர் வைக்கும் இடத்துக்கு ஒரு எர்த் வயர் இழுத்த பிறகே மற்ற வேலை.

இடம் எங்கே? இணைப்புக்காரர் ஃபைபர் பெட்டியை முகப்பிலேயே மாட்டிவிட்டுப் போவார். சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் கனத்தில் வைஃபை இரண்டாம் கட்டை (முகப்பைத் தாண்டி உள்ளே இருக்கும் பகுதி) எட்டுவதற்குள் செத்துவிடும். ஃபைபரையே இரண்டாம் கட்டு வரை இழுத்துத் தரச் சொல்லுங்கள்; சில மீட்டர்தான் கூடும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் தாங்கு கம்பியை வெட்டிவிடச் சொன்னால் உள்ளே வருவது கண்ணாடி இழை மட்டுமே, இடி மின்னலில் மின்சாரம் ஏறி வர வழியில்லை. முற்றத்தைத் தாண்டி நீளமான செம்பு லேன் கேபிள் இழுத்தால் ஐப்பசி இடியில் முதலில் போவது ரூட்டரின் லேன் போர்ட்தான். கேபிள் இழுத்தே ஆக வேண்டுமென்றால் முழுச் செம்பு கேட்6 வாங்குங்கள். வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஆத்தங்குடிக் கல்லையும் தூணையும் துளைக்க வேண்டியதில்லை, தாழ்வார உத்தரத்தை ஒட்டி கேசிங்கில் ஓட்டிவிடலாம்.

பெட்டியைப் பூட்டிய பீரோவுக்குள்ளோ கதவடைத்த சாமான் அறைக்குள்ளோ வைக்காதீர்கள். சாரல் அடிக்காத, காற்றோடும் அலமாரித் தட்டில் செங்குத்தாக நிறுத்தினால் போதும். காரைத் தூசு ஃபேனில் படியும். வருடம் ஒரு முறை திறந்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

மென்பொருள் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13 போதும். நிறுவும்போது ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கே பாஸ்வேர்டு கொடுத்தால், உங்கள் பயனர் பெயரிலேயே நிர்வாகி வேலையைச் செய்யும் சூடோ வசதி அமையாது, பிறகு ஒவ்வொரு வழிகாட்டியும் உங்களுக்குப் பொய்யாகத் தெரியும். டெஸ்க்டாப்பை நீக்கி, வேறு கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். வெளி டிஸ்கை எஃப்எஸ்டேப் ஃபைலில் (எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) அதன் தனி அடையாளமான யூயூஐடி எண்ணால் சேர்த்து, கூடவே ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் எழுதுங்கள். அது இல்லாமல் டிஸ்க் ஒரு நாள் எழாவிட்டால், முழுச் சர்வரும் அவசர நிலையில் நின்றுவிடும், வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. ஃபைல் பகிரும் மென்பொருளான சாம்பாவில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனிப் பயனர், பொதுப் பத்திரங்களுக்கு ஒரு பொது அடைவு. லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைத் தனியாகப் போட வேண்டும்.

படங்களைச் சேர்த்து அடுக்க இம்மிச் என்ற மென்பொருள் மிக நன்றாக ஓடுகிறது. ஆனால் 8 ஜிபி ராம் இருப்பது நல்லது, அதன் டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். பல்லாயிரம் படங்களை ஒரே மூச்சில் ஏற்றினால் முகம் பிரிக்கும் வேலையில் நான்கு கோரும் நாள்கணக்கில் கொதிக்கும். அமைப்பில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை 1 ஆகக் குறைத்து, மெதுவாக முடிய விடுங்கள். வீடியோவை அனுப்பும் மென்பொருளான ஜெல்லிஃபினில், வன்பொருளிலேயே வீடியோவை மாற்றும் இன்டெல் குயிக் சிங்கை இயக்கிவிட்டால் கல்யாண வீடியோ சிங்கப்பூர் வரை தடையில்லாமல் போகும். அப்போதும் உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம்தான் எல்லை.

சிசிடிவி பதிவை மட்டும் இதில் போடாதீர்கள். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் நான்கு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 172 ஜிபி. 2 டிபி பன்னிரண்டு நாள்கூட வராது, எஸ்எஸ்டியும் சீக்கிரம் தேயும். கேமராக்களுக்கு அதற்கென்றே உள்ள ரெக்கார்டரும் சர்வைலன்ஸ் டிஸ்கும் இருக்கட்டும். சர்வர் வழியாக அந்த ரெக்கார்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியூரிலிருந்து எட்டுவதற்கு ரூட்டரில் போர்ட் திறந்தால் பெரும்பாலும் பலன் இருக்காது. நம் ஃபைபர் நிறுவனங்கள் பலவும் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜிநாட் முறையில்தான் இணைப்புத் தருகின்றன. ரூட்டரின் வெளி ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அதுதான். உங்கள் சாதனங்களை மட்டும் தனி வலையாகக் கோக்கும் டெயில்ஸ்கேல் நிறுவினால் இதைத் தாண்டிப் போகலாம். அதன் இணையப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் ‘கீ எக்ஸ்பைரி’யை நிறுத்திவையுங்கள். நிறுத்தாவிட்டால், ஆறு மாதத்தில் சாவி காலாவதியாகி, ஊரில் யாருமில்லாத நாளில் கதவு அடைபடும்.

இந்தப் பெட்டியில் ஒவ்வொரு ஃபைலும் ஒரே டிஸ்கில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் கொண்டு தினமும் ஒரு பிரதியை வெளி டிஸ்குக்கும், வாரம் ஒன்றைச் சென்னையில் இருக்கும் பங்காளி வீட்டுக்கும் அனுப்புங்கள். ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பெட்டகத்திலேயே ஒரு பிரதியும் வேறொரு ஊரில் ஒரு பிரதியும் வையுங்கள்.

எம்710க்யூ கிடைக்காவிட்டால் டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ ஏறக்குறைய இதே திறன். அதில் அசல் அல்லாத அடாப்டரைப் போட்டால் அடையாளம் தெரியவில்லை என்று எச்சரித்து ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும். அடாப்டர் இல்லாத டெல்லை மலிவு என்று எடுக்காதீர்கள். பயாஸுக்கு எஃப்2, மின்தடைக்குப் பின் எழும் அமைப்பு ‘ஏசி ரெகவரி’ என்ற பெயரில் இருக்கும். நான்கு டிஸ்குக்கு மேல் வேண்டும், ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சிறிய பெட்டிகள் எதுவுமே ஆகாது. யூஎஸ்பி டிஸ்குகளைக் கோத்து ரெய்டு அமைப்பதற்கு, சாட்டா இடங்கள் உள்ள ஒரு டவரை வாங்கி மின்கட்டணத்தை ஏற்றுக்கொள்வதே மேல்.